கல்லூரி ஆசிரியர்களின் விவரப் பக்கத்தைச் சரிபார்க்கும்படி வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததும் பெற்றோர் கல்லூரி இணையதளங்களைத் திறக்கிறார்கள். கட்டணம், விடுதி, பேருந்து, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்ப்பவர்கள், பாடம் நடத்தப்போகிறவர் யார் என்ற பக்கத்தை மட்டும் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான கல்லூரிகளின் பக்கத்தில் ஒரு புகைப்படம், ‘எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி.’ என்று ஒரு வரி, ‘அனுபவம்: 14 ஆண்டுகள்’, ‘வெளியீடுகள்: 62’ என்பதோடு முடிந்துவிடும். எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம், எந்த ஆண்டு, ஆய்வேட்டின் தலைப்பு என்ன, இந்தப் பருவத்தில் எந்தத் தாளை நடத்துகிறார் என்று எதுவும் இருக்காது. வெளியே இருப்பவர் சரிபார்க்க முடியாத விவரம் விளம்பரம்தான், தகவல் அல்ல.

மாணவர் சேர்க்கை, ஆசிரியர் பட்டியல் உள்ளிட்டவற்றை இணையதளத்தில் பொதுவில் வைக்கச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2024-இல் வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. ஆனால் ஆசிரியர் விவரம் என்றால் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும் என்பதைக் கல்லூரிகள் தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்கின்றன. கல்லூரிக் கல்வி இயக்ககமும் பல்கலைக்கழகங்களும் ஒரே படிவத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அந்தப் படிவத்தில் எது இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும், இப்போதுள்ள பக்கங்களைப் படிப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நூலகர் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் தகுதி. யுஜிசியின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் ஆவதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. பல்கலைக்கழகத் துறைகளில் பிஎச்.டி. கட்டாயம் என்று கொண்டுவந்த விதி தள்ளிப்போய், 2023 ஜூலை முதல் நெட், செட் அல்லது ஸ்லெட் (தேசிய, மாநில விரிவுரையாளர் தகுதித் தேர்வுகள்) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்றும் பிஎச்.டி. விருப்பத் தகுதி என்றும் மாறிவிட்டது. எனவே பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ இல்லாத இளம் ஆசிரியரைத் தகுதி குறைந்தவர் என்று எண்ணுவது தவறு. அவர் நெட் தேறியவரா, எந்தப் பாடத்தில், எந்த ஆண்டு என்பதுதான் கேள்வி. இதைப் பக்கத்தில் போட ஒரு வரி போதும். எம்.ஃபில். படிப்பை யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகள் நிறுத்திவிட்டன, அதற்கு முன் முறையாகப் பெற்ற எம்.ஃபில். பட்டம் செல்லும்.

‘முனைவர்’ என்று இருந்தால் நான்கு விவரங்கள் வேண்டும்: பல்கலைக்கழகம், பட்டம் வழங்கப்பட்ட ஆண்டு, ஆய்வேட்டின் முழுத் தலைப்பு, நெறியாளர் (ஆய்வுக்கு வழிகாட்டியவர்) பெயர். இந்த நான்கும் இருந்தால் எவரும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் நாடு முழுவதும் ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல்கலைக்கழகம், துறை என்று வரிசையாக உள்ளே போகலாம். ஆய்வாளர் பெயரைக் கொடுத்தும் தேடலாம். ஆய்வேடு அகப்பட்டதும் முதலில் சான்றிதழ் பக்கத்தைத் திறந்து பெயர், நெறியாளர், மாதம், ஆண்டு நான்கையும் ஒப்பிடுங்கள். பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும். முழுநேரமாக ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆய்வாளராகவும் இருந்ததாகத் தேதிகள் சொன்னால் விளக்கம் கேட்கலாம். பகுதிநேர ஆய்வுக்கு அனுமதி உண்டு, ஆனால் வேலை பார்க்கும் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பிஎச்.டி. விதிகளை மீறியதற்காக ராஜஸ்தானில் 3 தனியார் பல்கலைக்கழகங்கள் 5 ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று யுஜிசி 2025 ஜனவரியில் தடை விதித்தது நினைவிருக்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடாமல் ‘பிஎச்.டி.’ என்று மட்டும் எழுதுவது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு இதுவே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ஷோத்கங்காவில் இல்லை என்பதால் பட்டம் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யுஜிசியின் 2009 பிஎச்.டி. விதிகளுக்கு முந்தைய ஆய்வேடுகளில் பல இன்னும் ஏற்றப்படவில்லை. அதற்குப் பிந்தையவற்றிலும் சில பல்கலைக்கழகங்கள் தாமதிக்கின்றன. தமிழ் ஆய்வேடுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையும், தாளை வருடிப் படமாக ஏற்றியவையும் நிறைய. அவற்றில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் ஒன்றும் வராது. ஆய்வாளர் பெயரை ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று விதமாக மாற்றி மாற்றி அடித்துப் பார்க்க வேண்டும்.

இதே எழுத்துருச் சிக்கல் கருத்துத் திருட்டுச் சோதனையையும் பொருளற்றதாக்குகிறது. யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நல்ல விதிதான். ஆனால் பழைய எழுத்துருவில் உள்ள கோப்பை மென்பொருள் தமிழாகவே படிப்பதில்லை. வேறு எதனோடும் அது பொருந்தாது. ஒப்புமை பூஜ்யம் என்று சான்று வந்துவிடும். தமிழ்த் துறைகள் ஆய்வேட்டை யூனிகோடில் மட்டுமே வாங்க வேண்டும். அதுவரை தமிழ் ஆய்வேட்டில் ஒட்டப்பட்டிருக்கும் குறைந்த விழுக்காட்டுச் சான்றைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டியதில்லை.

அடுத்து வெளியீடுகள். ஒரு பக்கத்தில் மிக எளிதாகப் பெருக்கக் கூடிய எண் இதுதான். பெருகுவதற்குக் காரணம் யுஜிசியின் நியமன விதியிலேயே இருக்கிறது. நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியர் ஆக 8 ஆண்டு அனுபவம், 7 கட்டுரைகள், 75 ஆய்வுப் புள்ளிகள் வேண்டும். பேராசிரியர் ஆக 10 ஆண்டு, 10 கட்டுரைகள், 120 புள்ளிகள். மொழி, கலைப் பாடங்களில் ஏற்கப்பட்ட இதழில் வரும் கட்டுரைக்கு 10 புள்ளி, அறிவியலில் 8. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தனியாக எழுதினால் 10 புள்ளி. அதே கட்டுரையில் ஐந்து பெயர் போட்டால் முதன்மை ஆசிரியருக்கு 7, மற்ற நால்வருக்கும் தலா 3, ஆக மொத்தம் 19. ஐந்து பேரும் ஆளுக்கொரு கட்டுரையில் மற்ற நால்வரையும் சேர்த்துக்கொண்டால், ஒரு கட்டுரை எழுதிய ஒவ்வொருவருக்கும் 19 புள்ளி கிடைத்துவிடும். எழுதாதவர் பெயரைச் சேர்ப்பதால் எழுதியவருக்கு லாபம் என்றால், பெயர்கள் சேரத்தான் செய்யும். ஆகவே பக்கத்தில் மொத்த எண்ணிக்கைக்குப் பதிலாக, தனித்து எழுதியவை எத்தனை, முதன்மை ஆசிரியராக எத்தனை, இணை ஆசிரியராக எத்தனை என்று மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும்.

‘யுஜிசி அங்கீகாரம் பெற்ற இதழ்’ என்ற வாசகத்தையும் ஆண்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2017-இல் வந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் மட்டும் 4,305 இதழ்களை யுஜிசியே நீக்கியது. 2019-இல் யுஜிசி-கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே மதிப்பிட வேண்டும் என்றாகிவிட்டது. இன்று வெளியாகும் கட்டுரைக்கு ‘கேர் இதழ்’ என்று போடுவதில் பொருள் இல்லை. ஐஎஸ்எஸ்என் எண்ணும் தரச்சான்று அல்ல. அது 8 இலக்க அடையாள எண். தொடர்ந்து வெளியாகும் எந்த இதழும் விண்ணப்பித்துப் பெறலாம்.

சரிபார்க்க எல்லாக் கட்டுரைகளையும் பார்க்க வேண்டியதில்லை. பட்டியலிலிருந்து மூன்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ‘10.’ என்று தொடங்கும் டிஓஐ எண் (கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் டிஓஐ தளத்தில் அதை ஒட்டினால் கட்டுரை நேராகத் திறக்கும். கட்டுரையை எழுதியவர்களின் வரிசை, பணியிடம், ஆண்டு மூன்றும் பக்கத்தில் சொன்னபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். தலைப்புக்கு மேல் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ் இதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது, அது குற்றமல்ல. அப்போது அந்த இதழின் அந்த ஒரு வெளியீட்டின் பொருளடக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒரே வெளியீட்டில் சங்க இலக்கியம், செவிலியர் பயிற்சி, இயந்திரவியல், ஜிஎஸ்டி எல்லாம் வரிசையாக இருந்தால், கட்டுரை அனுப்பிய மூன்றே நாளில் வெளியிடுவோம் என்ற வாக்குறுதியும் கட்டண விவரமும் முகப்பிலேயே இருந்தால், மதிப்பிடுவோர் எவரும் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இதழின் மேற்கோள் அளவைக் காட்ட ‘இம்பாக்ட் ஃபேக்டர் 7.2’ என்று போட்டிருந்தால் யார் கணக்கிட்டது என்று கேளுங்கள். அந்தப் பெயரில் கல்வியுலகம் ஏற்பது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்ணை மட்டுமே.

இதைவிட மோசமானது இரட்டைத் தளம். இணையத்தில் இல்லாத பழைய, நல்ல பெயருள்ள அச்சு இதழின் பெயரிலும் ஐஎஸ்எஸ்என் எண்ணிலும் வேறு யாரோ தளம் திறந்து பணம் வாங்கிக் கட்டுரை வெளியிடுவார்கள். இளம் ஆய்வாளர்கள் தெரியாமலே இதில் சிக்குகிறார்கள். அச்சு இதழின் உள்ளட்டையில் உள்ள முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை போட்டுக் கேட்பதுதான் இன்றைக்கும் நம்பகமான வழி.

மேற்கோள் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் ‘ஹெச்-இண்டெக்ஸ்’ என்று ஒரு எண் வரும். ஒருவருடைய ஐந்து கட்டுரைகளுக்கு 40, 9, 6, 3, 1 என்று மேற்கோள்கள் இருந்தால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 3. குறைந்தது 3 முறை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 3-க்குக் குறையாமல் உண்டு. 4 முறை பெற்றவை 4 இல்லை. அந்த 40 மேற்கோள் பெற்ற முதல் கட்டுரையின் பெருமை இந்த எண்ணில் தெரியவே தெரியாது. தமிழ், வரலாறு போன்ற துறைகளில் மேற்கோள்கள் அச்சு நூல்களின் அடிக்குறிப்பில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஸ்காலர் கண்ணில் படாது. வேதியியல் ஆசிரியரின் 22-ஐயும் தமிழ் ஆசிரியரின் 2-ஐயும் ஒரே பட்டியலில் போடுவது தமிழ் ஆசிரியருக்குச் செய்யும் அநீதி.

நம் பெயர் முறையும் இந்தக் கணக்கைக் குழப்புகிறது. மு. செல்வம் என்பவர் ஓர் இதழில் ‘எம். செல்வம்’, இன்னொன்றில் ‘செல்வம் எம்.’, வெளிநாட்டு இதழில் குடும்பப் பெயர் கட்டாயம் என்பதால் ‘செல்வம் முருகன்’ என்று ஆகிவிடுவார். ஒருவர் மூவராகப் பிரிவார். அல்லது ஐந்து எம். செல்வங்களின் கட்டுரைகள் ஒருவர் கணக்கில் ஏறிவிடும். பெண் ஆசிரியர்களுக்குத் திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தும் மாறுவதால், அதுவரை எழுதியவை தனியே நின்றுவிடுகின்றன. தானாகச் சேர்ந்த பிறருடைய கட்டுரைகளை நீக்காமல் விட்டுவிட்டு அந்த எண்ணைப் பதவி உயர்வு விண்ணப்பத்தில் காட்டுவதும் நடக்கிறது. இதற்குத் தீர்வு, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் ஆர்கிட் அடையாள எண். 16 இலக்கம், இலவசம், பதிவு செய்யச் சில நிமிடங்கள் போதும். பெயர் மாறினாலும் கல்லூரி மாறினாலும் எண் மாறாது. ஒவ்வோர் ஆசிரியர் பக்கத்திலும் ஆர்கிட் இணைப்பைக் கட்டாயமாக்கினால் மேலே சொன்ன சிக்கல்களில் பாதி தீரும்.

அண்மைக் காலமாக ‘பேட்டன்ட்’ என்ற வரி எல்லாப் பக்கங்களிலும் முளைத்திருக்கிறது. நம் நாட்டில் காப்புரிமை விண்ணப்பம், தகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுவாக 18 மாதம் கழித்துக் காப்புரிமை அலுவலக இதழில் வெளியிடப்படும். 9-ஆம் படிவத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் முன்கூட்டியே வெளியிடுவார்கள். வெளியீடு என்பது ‘இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது’ என்ற அறிவிப்பு மட்டுமே. அதன் பிறகுதான் ஆய்வு, ஆட்சேபம், பதில் எல்லாம். வெளியானதைப் ‘பெற்ற காப்புரிமை’ என்று எழுதுவது பொய்த் தகவல். இன்னொன்று வடிவமைப்புப் பதிவு. அது பொருளின் தோற்றத்துக்குத் தரப்படுவது, கண்டுபிடிப்புக்கு அல்ல. எனவே விண்ணப்ப எண், நிலை (விண்ணப்பம், வெளியீடு, வழங்கல்), வடிவமைப்பா கண்டுபிடிப்பா என்று மூன்றையும் பக்கத்தில் போட வேண்டும். எண் இருந்தால் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் யாரும் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆய்வு நெறியாளர் பற்றி ஆய்வு செய்ய வருகிற மாணவர்கள் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. 2022 பிஎச்.டி. விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். பணி ஓய்வுக்கு 3 ஆண்டுகள் இல்லாதவர் புதியவர்களைச் சேர்க்கக் கூடாது. ‘நெறிப்படுத்தியவர்கள்: 15’ என்ற வரியில் பதிவு செய்து பாதியில் விட்டவர்களும் அடக்கமாக இருக்கலாம். பட்டம் பெற்றவர்கள் எத்தனை, அவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகள் என்ன என்பதுதான் நெறியாளரின் உண்மையான சான்று. ஆய்வுப் பரப்பையும் குறிப்பாக எழுத வேண்டும். ‘இக்கால இலக்கியம்’ என்பது எதையும் சொல்லவில்லை. ‘1940 முதல் 1970 வரையான சிறுகதை இதழ்கள்’ என்றால் அவரிடம் யார் போக வேண்டும், யார் போகக் கூடாது என்று மாணவருக்குத் தெரியும்.

இவ்வளவும் ஆய்வைப் பற்றி. ஆனால் பி.எஸ்சி., பி.ஏ. சேரும் பிள்ளைக்கு ஆசிரியரின் ஆய்வுப் புள்ளியைவிட அவர் வகுப்பறை முக்கியம். அதைப் பற்றித்தான் விவரப் பக்கங்கள் அறவே பேசுவதில்லை. இத்தனைக்கும் கல்லூரிகளைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் கையாண்டுவந்த மதிப்பீட்டு முறையில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த, இளநிலைப் படிப்பு மட்டும் உள்ள கல்லூரிக்கு 1,000-இல் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு என்ற பிரிவுக்கு 350, ஆய்வுக்கு 110. நடப்புப் பருவத்தில் நடத்தும் தாள்களின் பெயரும் குறியீடும், வாரத்துக்கு எத்தனை மணி, வகுப்பில் எத்தனை பேர், அந்தத் தாளைத் தொடர்ந்து எத்தனை ஆண்டாக நடத்துகிறார், பாடத்திட்ட வரைவு, அக மதிப்பெண் எந்த அடிப்படையில் பிரிக்கப்படுகிறது என்பவை வேண்டும். யுஜிசி சொல்லும் நேரடிக் கற்பித்தல் நேரம் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, மற்றவர்களுக்கு 14. கால அட்டவணையில் ஒருவர் பெயர் 24 மணிக்கு இருந்தால், அவர் விடைத்தாளைத் திருத்தவும் ஆய்வுக்கூடத்தைத் தயார் செய்யவும் நேரம் எங்கே என்று கேட்க வேண்டும். ஒருவருக்கு ஒரே பருவத்தில் ஐந்து வெவ்வேறு தாள்கள் தரப்பட்டிருந்தால், அவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் பாடம் நீர்த்துத்தான் போகும்.

பட்டியலில் உள்ளவர் உண்மையில் அங்கே இருக்கிறாரா என்பதும் பார்க்க வேண்டியதாகிவிட்டது. பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் பல கல்லூரிகளில் முழுநேரமாக வேலை செய்வதாகக் கணக்குக் காட்டப்பட்டதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் ஆதாரத்துடன் வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் விசாரணை நடத்த வேண்டி வந்தது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்வி நிறுவனத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் தம் தளத்தில் வைக்கும் பிடிஎஃப் கோப்பில் ஒவ்வோர் ஆசிரியரின் பதவி, தகுதி, மாதக் கணக்கில் அனுபவம், பணியில் சேர்ந்த தேதி எல்லாம் இருக்கும். அதையும் துறைப் பக்கத்தையும் இந்தப் பருவத்துக் கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றில் ஏதேனும் ஒன்றில் விடுபட்டிருக்கும் பெயரைத் துறைத் தலைவரிடமே கேட்டுவிடலாம். பக்கத்தின் அடியில் கடைசியாகப் புதுப்பித்த தேதி இருக்க வேண்டும். விலகியவரின் பெயரைப் பருவம் தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

எதைப் போடக் கூடாது என்பதையும் படிவம் சொல்ல வேண்டும். பான் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, சொந்தக் கைபேசி எண் எல்லாம் சில கல்லூரிப் பக்கங்களில் அப்படியே கிடக்கின்றன. பெண் ஆசிரியர்களுக்கு இதனால் வரும் தொல்லையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லூரியின் அலுவல் மின்னஞ்சல் ஒன்று போதும்.

கடைசியாக, கௌரவ விரிவுரையாளர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் வகுப்பு மணிகளில் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் இவர்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று யுஜிசி 2019-இல் பரிந்துரைத்தும், இங்கே அதைவிடக் குறைந்த தொகையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறார்கள். இவர்களில் நெட் தேறியவர்கள், பிஎச்.டி. முடித்தவர்கள், நல்ல இதழில் எழுதியவர்கள் ஏராளம். ஆனால் பல அரசுக் கல்லூரிகளின் துறைப் பக்கத்தில் இவர்கள் பெயரே இல்லை. தன் பிள்ளைக்கு வாரம் 16 மணி பாடம் நடத்துகிறவரின் பெயரும் தகுதியும் பெற்றோருக்குத் தெரியவில்லை. வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தாம் அங்கே பாடம் நடத்தியதைக் காட்ட அவர்களுக்கும் கல்லூரித் தளத்தில் ஒரு வரி இல்லை. படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலை அல்ல இது. ஒவ்வொரு முதல்வரும் இந்த வாரமே துறைத் தலைவர்களிடம் பட்டியல் வாங்கி, நிரந்தர ஆசிரியர்களுக்குப் போடும் அதே விவரங்களோடு, அதே பக்கத்தில் இவர்களையும் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
திருச்சிராப்பள்ளி.